சிவப்புக்குள் வந்து நின்ற வாப்பா

"தங்கச்சி, பொண்ணு இருக்க வேண்டிய எடத்துல பண்டாரி நிக்கிறான்!"

கல்யாண வீடியோ வேலையில் என் கூட்டாளியான ஃபவ்மி நானா தொலைபேசியில் இப்படித்தான் தொடங்கினார். சுகம்கூட விசாரிக்கவில்லை. நான் அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையில் பாதித் தேங்காய், காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.

"எந்தப் பண்டாரிங்க நானா?"

"புரியாணி ஆக்கின பண்டாரி. சட்டிக்குள்ள அகப்பய உட்டுக் கிண்டிக்கிட்டு ஈக்கிறான். நீங்க எழுதி வெச்சீக்கிறது பொண்ணுக்குப் பூ வெக்கிறதுன்டு. இங்க பாத்தா கோழிக் காலு."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அந்த இடத்தில் நானாவின் கணினியில் எதுவுமே தெரியக் கூடாது. வெறும் சிவப்புத்தான் தெரிய வேண்டும். அதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

"நானா, பொம்பளைங்க படம் ஏதாச்சும் உங்க பக்கம் வந்துருச்சா? மறைக்காம சொல்லுங்க."

"அல்லாவே, இல்ல தங்கச்சி. ஒரு பொம்பளயும் இல்ல. முழுக்க ஆம்பளயள். பொண்ணுட எடமெல்லாம் இவனுகள் வந்து குந்திக்கிட்டு ஈக்கிறானுகள்."

அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தேங்காயை அம்மாவின் கையில் கொடுத்தேன். மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். "எவன் வீட்டுக் கல்யாணத்துக்கு இப்ப நீ இந்த ஓட்டம் ஓடுற?" என்று அம்மா பின்னாலிருந்து கத்தியது படிக்கட்டுவரை கேட்டது.

நஸ்ரின் கேட்டது

எவன் வீட்டுக் கல்யாணமும் இல்லை. மடவளை நஸ்ரினின் கல்யாணம்.

நஸ்ரின் அந்த வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போகிறாள், மாப்பிள்ளையோடு. போவதற்கு முன் வீடியோ கையில் வேண்டும் என்று கேட்டிருந்தாள். எல்லாப் பெண்களும் கேட்பதுதான். ஆனால் அவள் இன்னொன்றும் கேட்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டு, சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"அக்கா, வாப்பா என்ட கல்யாணத்துல எங்கயாச்சும் சந்தோஷமா இருந்தாரா? ஒரே ஒரு எடத்துல சரி? நீங்க எல்லாத்தயும் பாப்பீங்கதானே, பாத்துச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். அவளுடைய வாப்பா தன் தங்கையின் மகனுக்கு அவளைக் கொடுக்க நினைத்திருந்தார். அவள் மறுத்துவிட்டாள். கெம்பஸில் கூடப் படித்த பையனைக் கேட்டாள். வீட்டில் புயலடித்தது. கடைசியில் உம்மா அழுது கிழுது சம்மதிக்க வைத்தார். வாப்பா, ஊருக்கு ஹாஜியார், மண்டபம் பிடித்தார், விருந்து வைத்தார், ஊரையே அழைத்தார், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் மகளோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். "ஒங்கட மகள்ட்ட சொல்லுங்க" என்று உம்மாவிடம் சொல்வார். மகள் அதே அறையில்தான் இருப்பாள்.

மாதக்கணக்கில் இப்படியே.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கத்துக்கு அழைத்து வருவது வழக்கமாகப் பெண்ணின் வாப்பாதான். நஸ்ரினின் கல்யாணத்தில் வாப்பாவின் தம்பி, அவளுடைய சாச்சா, அழைத்து வந்தார். அவள் வாசலைப் பார்த்தாள். சாச்சாவுக்குப் பின்னாலும் பார்த்தாள். அந்தப் பார்வையைப் படம்பிடித்தவள் நான்.

ஆகவே அவள் கேட்டதும் என் பக்கத்துப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். அவர் எதிலும் இல்லை. நானாவிடமும் தேடிப் பார்க்கச் சொல்லிவைத்தேன். ஆண்கள் பக்கத்தில் அவர் நிறைய இருந்தார், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே முகம். சாப்பாடு குறையாமல் போகிறதா என்று பார்க்கிற முகம்.

ஒரு கல்யாணம், இரண்டு வீடு

எங்கள் தொழில் ஏற்பாட்டைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பண்டாரி ஏன் பூ வைக்கிற இடத்துக்கு வந்தான் என்பது விளங்காது.

மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் மண்டபத்தின் நடுவே துணி மறைப்புக் கட்டியிருக்கும். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பெண்கள் பக்கத்தைப் பெண்தான் படம்பிடிக்க வேண்டும். பிடித்தால் போதாது, வெட்டித் தொகுப்பதும் பெண்ணாகவே இருக்க வேண்டும். அங்கே முக்காடு இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிகிறவர்களின் படம் ஒரு வெளி ஆணின் கணினிக்குப் போகக் கூடாது. ஒரு நொடி கூட.

அந்தப் பெண் நான். ஹிந்துப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, பொம்பளைப் பிள்ளை, நம்பிக்கையான பிள்ளை என்று ஊரில் பேர். கல்யாணம் முடிந்ததும் மெமரி கார்டு என் கைப்பைக்குள். வீட்டில் அதைப் பிரதி எடுத்து வைக்கிற டிஸ்க் அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில். "நகையைக்கூட வெளியில வக்கிறா, இந்தப் பெட்டிய மட்டும் பூட்டி வக்கிறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிவார்.

ஆண்கள் பக்கம் ஃபவ்மி நானா. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ. மனிதர் பொறுமைசாலி, ஆனால் வேலையில் பிடிவாதம். நிறம் சரிபார்ப்பது, சத்தம் சேர்ப்பது, முழுப் படத்தையும் கோர்ப்பது எல்லாம் அவர்தான்.

பார்க்கக் கூடாத படத்தை எப்படிக் கோர்ப்பது? அங்கேதான் சிவப்பு வருகிறது.

வீடியோ வெட்டுகிற புரோகிராமில் நாம் செய்வதெல்லாம் குறிப்புத்தான். இந்தக் கோப்பில் இங்கே தொடங்கு, இங்கே நிறுத்து, அடுத்ததற்குப் போ. அந்தக் குறிப்பை மட்டும் தனியே எடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம். படம் போகாது. வாங்குகிறவரிடம் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் அந்த இடம் முழுக்கச் சிவப்பாக நிற்கும். நான் பெண்கள் பக்கத்தை வெட்டிக் குறிப்பை அனுப்புவேன். நானா என் சிவப்புகளுக்கு நடுவே தன் படங்களை அடுக்கித் திருப்பி அனுப்புவார். என் கணினியில் திறந்தால் சிவப்பெல்லாம் பெண்களாக நிறைந்துவிடும். குடும்பத்துக்கான பிரதியை நான் எடுத்து நேரே பெண்ணின் கையில் கொடுப்பேன்.

வருஷக்கணக்காக நானா அப்படிச் சிவப்பைப் பார்த்தே படம் கோர்த்தார். நீளத்தை வைத்தே கண்டுபிடிப்பார். "இந்தச் சிவப்பு நீண்டுகிட்டுப் போகுது, பொண்டுகள் ஃபோட்டோ புடிக்கிறாங்க போல" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

புரோகிராம் மாறினால்

இவ்வளவு காலமும் எங்கள் இருவரிடமும் இருந்தது ஒரே புரோகிராம். அந்த மழைக்காலத்தில் நானாவின் பழைய கணினி இடிக்குச் செத்துப்போனது. புதிதாக வாங்கியதில் வேறொரு புரோகிராம் போட்டார். நிறம் பார்க்க அதுதான் உசத்தியாம். நிறத்துக்காக மனிதர் எதையும் செய்வார்.

புரோகிராம் மாறினால் என்ன ஆகும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். பட்டும் இருக்கிறேன்.

முன்பொரு தடவை கண்டியில் ஒரு கோவில் தேர்த் திருவிழாவை வெட்டி, வேறு புரோகிராம் வைத்திருந்த ஒருவருக்கு அனுப்பினேன். போனது வெட்டுகள் மட்டும்தான். மெதுவாக ஓடவிட்ட இடமெல்லாம் சாதாரண வேகத்தில் ஓடியது. அர்ச்சனைத் தட்டு பறக்கிறது, ஐயர் ஓடுகிறார். தமிழில் போட்ட பெயர்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே தவில். அவருடைய பக்கம் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு வேறாக இருந்ததால், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனது. தொடக்கத்தில் அடியும் சத்தமும் ஒன்றாக விழும். தேர் நிலைக்கு வருகிற நேரம் தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார், தவில் மட்டும் முழங்குகிறது. கோவில் தலைவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, அம்மாளோட சக்தி" என்றார். நல்ல மனிதர், அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அதனால் நஸ்ரினின் கல்யாணத்துக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். வேகம், சத்தம், எழுத்து எதையும் விடவில்லை. கோப்புகளின் எண்ணை மட்டும் நினைக்கவே இல்லை. பழைய புரோகிராமில் அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

எங்கள் கேமராக்கள் எல்லாம் ஒரே வகை. கார்டைத் துடைத்துப் போட்டால் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். என் பக்கத்தில் இருபதாம் கோப்பு என்றால் நானாவின் பக்கத்திலும் ஒரு இருபதாம் கோப்பு இருக்கும். பழைய புரோகிராம் சந்தேகப் பிராணி. எந்த டிஸ்க், எந்தப் பெட்டி என்று துருவித் துருவிக் கேட்கும், இல்லையென்றால் சிவப்பைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். புதியது உதவி செய்கிற சாதி. இருபது கேட்டார்களா, இதோ ஒரு இருபது இருக்கிறது, எடுத்துக்கொள் என்று நானாவின் படங்களையே அள்ளிக்கொண்டுவந்து என் சிவப்புகளுக்குள் போட்டுவிட்டது.

மேல்மாடியில்

நான் போய்ச் சேர்ந்தபோது நானா தேத்தண்ணி வாங்கி மூடி வைத்திருந்தார். "இரிங்க தங்கச்சி. முதல்ல சிரிச்சிட்டு வேலயப் பாப்பம்" என்றார்.

சிரித்தோம். நஸ்ரினின் உம்மா அவளுக்கு மாலை போடுகிற இடத்தில் ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். தோழிகள் சுற்றிநின்று சிரிக்கிற இடத்தில் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, நடுவிலிருந்த கோழியை யார் முதலில் பிய்ப்பது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

அதற்கடுத்து, நஸ்ரினின் மருதாணிக் கைகளை நான் கிட்டத்தில் காட்டியிருந்த இடம் வந்தது.

அங்கே ஒரு வரிசைச் செருப்பு. செருப்புக்கு மேலே பச்சை நிற மறைப்புத் துணி. ஆளில்லை, அசைவில்லை.

"இது என்ன நானா?"

"அதா? கேமராக்காரன் சோத்துக்குப் போற அவசரத்துல நிப்பாட்ட மறந்துட்டுப் போயீக்கிறான். முழுக்கச் செருப்பு. நான் பாக்கவும் இல்ல."

தள்ளிவிடப் போனார். அந்த நேரம் படத்துக்குள் ஹாஜியார் வந்தார்.

தனியாக வந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார், யாராவது கவனிக்கிறார்களா என்று. மறைப்புக்குக் கிட்டப் போனார். துணிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார். நீண்ட நேரம். முடித்ததும் முகத்தைத் துணியிடம் கொண்டுபோய் மெதுவாக ஊதினார். மூன்று தரம். கடைசியில் வலது கையைத் துணியின்மேல் வைத்து, அப்படியே நின்றார்.

"என்னாங்க நானா செய்றாரு? தூசி ஊதுறாரா?"

நானா படத்தை நிறுத்தினார். முன்பு இருமிய மனிதரா இவர் என்று நினைக்கும்படி முகம் மாறியிருந்தது.

"ஓதி ஊதுறாரு தங்கச்சி. எங்கட வீடுகள்ல புள்ளயளுக்கு அப்பிடித்தான். வருத்தம் வந்தா, பயந்தா, தூரத்துக்குப் போனா, வாப்பா தலயில ஓதி ஊதுவாரு. அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும்ன்டு." திரையைக் காட்டினார். "ஆனா புள்ள முன்னால இருக்கோணும். இவரு துணிக்கு ஊதுறாரு."

எனக்குச் சட்டென்று ஒரு எண்ணம் ஓடியது. கல்யாணத்தன்று காலையில் எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒன்றாக வைப்போம், பிறகு இரண்டு பக்கத்தையும் பொருத்துவதற்காக. ஹாஜியார் நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டேன். என் மடிக்கணினியைத் திறந்தேன்.

நானா எழுந்துவிட்டார். நான் பெண்கள் பக்கத்தைத் திறந்தால் அவர் அந்த அறையில் இருக்க மாட்டார். ஒருநாளும் நான் சொல்ல வேண்டி வந்ததில்லை. வெளித்தாழ்வாரத்தில் போய், பாலத்தில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே நேரத்தில் என் பக்கத்தில் ஓடியது ஒரு சின்னப் படம். மேடையில் விளக்குச் சூடு தாங்காமல் நஸ்ரினைக் கீழே இறக்கி, மறைப்போரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். "தண்ணி தாங்களே" என்று கேட்கிறாள். உதட்டுச் சாயம் கலையாமல் ஸ்ட்ரோ வைத்துக் குடிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் மறைப்புத் துணி உப்புகிறது. ஒரு கையின் அளவு. அவளுடைய தோளுக்குப் பக்கத்தில்.

அவள் பாதி திரும்பிப் பார்க்கிறாள். ஒன்றுமில்லை என்று கண்டு சிரிக்கிறாள். பிறகு அந்த உப்பலின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு மீதித் தண்ணீரைக் குடிக்கிறாள்.

இந்தப் படம் எனக்கு முன்பே தெரியும். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுகிறார்கள், துணி ஆடுகிறது, பார்க்க அசிங்கம் என்று நானே வெட்டித் தள்ளியதுதான்.

அழுதுவிட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது. எனக்கு அப்பா இல்லை. இருந்த காலத்திலும் நானும் அவரும் எனக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை கிடைக்கவில்லையே என்றுதான் சண்டை போட்டிருக்கிறோம். அந்தத் துணியில் கை தெரிந்தபோது எனக்கு நஸ்ரின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

கேட்பதா, போடுவதா

நானாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். காட்ட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்டு முடித்து, "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

"போட்டுருவோம் நானா. இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் அவ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, அந்தப் புள்ளைக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அவருகிட்டக் கேக்கோணும்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு! வெள்ளிக்கெழம அவ போறா."

"தெரியும் தங்கச்சி. ஆனா அது அவரு படச்சவனோட பேசின பேச்சு. நடுவுல நம்மட கேமரா ஓடிட்டுது, அவ்வளவுதான். கேக்காமப் போட என்ட கையால ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. பெரிய நியாயவான் என்று மனதுக்குள் திட்டினேன். வாயாலும் கொஞ்சம் திட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் சொன்னதையே திரும்பச் சொன்னார். இவரை என்ன செய்வது?

திரிவீலில் மடவளைக்குப் போனோம். போவதற்கு முன்பு நஸ்ரின் தண்ணி குடிக்கிற படத்தில் மற்றப் பெண்கள் யாரும் தெரியாதபடி பெரிதாக்கி, அவளும் மறைப்பும் மட்டும் நிற்கும்படி வெட்டி எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று நானா கேட்கவில்லை.

ஹாஜியாரின் கடை

ஹாஜியாருக்கு ஹாட்வெயார் கடை. தகரமும் பெயின்டும் வாளியும் வாசல்வரை வந்திருக்கும். அவர் மேசைக்குப் பின்னால் நின்று ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சலாம் சொல்லி, பதில் சொல்லி, "வீடியோ முடிஞ்சா?" என்று கேட்டார்.

நானா தன் போனில் அந்தப் படத்தைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

ஹாஜியார் பார்த்தார். செருப்பைப் பார்த்தபோது புருவம் சுருங்கியது. தன்னைக் கண்டதும் கை தானாகப் போனைக் கவிழ்க்கப் போனது, பிறகு கவிழ்க்கவில்லை. முழுவதையும் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"இத யாரு பாத்த?"

"நாங்க ரெண்டு பேரும்தான் ஹாஜியார். வேற ஒத்தரும் இல்ல" என்றார் நானா.

"வீடியோவுல போடாதீங்க. ஊர் பாக்கும்."

நான் நானாவை ஒரு பார்வை பார்த்தேன். சொன்னேனா இல்லையா என்ற பார்வை. இனி அவ்வளவுதான், பையைத் தூக்குவோம் என்று நினைத்தேன்.

ஹாஜியார் ஆணியை அள்ளித் தராசில் போட்டார். திரும்ப எடுத்தார். என்னைப் பார்க்காமல், ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மகள், நீங்க அந்தப் பக்கம்தானே நின்ட? தண்ணி கேட்டது அவதானே? குரல் அப்பிடித்தான் கேட்டிச்சி. நான் நின்ட எடத்துக்கு நேராவா அவ இருந்த?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனிதர் அதையா நினைத்துக்கொண்டிருந்தார்? ஊதியது மகளிடம் போனதா, யாரோ ஒருத்தியிடம் போனதா, வெறும் கதிரையில் பட்டதா என்றா?

"நேராதாங்க ஹாஜியார். கொஞ்சங்கூடத் தள்ளியில்ல. அவ மட்டும் தெரியிற மாதிரி எடுத்துட்டு வந்திருக்கேன். பாக்குறீங்களா?"

நானா திரும்பி, வீதியைப் பார்த்து நின்றுகொண்டார். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கணினிக்குக் கிட்டக் குனிந்தார்.

ஸ்ட்ரோ. துணி உப்புவது. அவள் திரும்புவது. சிரிப்பது. சாய்வது.

"இன்னொருக்கா போடுங்க மகள்."

போட்டேன். சாய்கிற இடத்தில் அவருடைய விரல் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சாஞ்சா" என்றார்.

"ஆமாங்க. சாஞ்சாங்க."

ஒரு சிங்கள ஐயா வந்து, "முதலாளி, ஆணி பாகயக் தென்ன" என்று அரைக் கிலோ கேட்டார். ஹாஜியார் அளவு பார்க்காமல் அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தார். அந்த ஐயா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"போடாதீங்க" என்றார் ஹாஜியார் மறுபடியும். "நீங்க வந்து காட்டினது பெரிய காரியம். ஆனா வீடியோவுல வேணாம்."

வியாழக்கிழமை

என் கோப்புகள் அத்தனைக்கும் பெயர் மாற்றினேன், ஆண்கள் பக்கத்து எண்ணோடு முட்டாதபடி. குறிப்பைத் திரும்ப அனுப்பினேன். நானா திறந்துவிட்டுக் கூப்பிட்டார். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் சிவப்பு!" பண்டாரி தன் சட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். ஹாஜியாரும் செருப்பு வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், யாரும் பார்க்காத கோப்பில்.

வேலை சுத்தமாக முடிந்தது. என் மனதுதான் முடியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் நஸ்ரின் கண்டியில் சாமான் வாங்க வந்தவள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என்னைச் சந்தித்தாள். வீடியோவைக் கையில் கொடுத்தேன். அவள் பையில் வைக்கவில்லை.

"கெடச்சா அக்கா?"

என்ன சொல்வது? சொல்லாதே என்று ஹாஜியார் சொல்லவில்லை, போடாதே என்றுதான் சொன்னார். ஆனால் அது என் வாயிலிருந்து வரவேண்டிய விஷயம் இல்லை என்று எனக்கே பட்டது. ஃபவ்மி நானாவின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

"சிரிக்கிற மாதிரி ஒண்ணும் கெடைக்கலம்மா" என்றேன். அது உண்மைதான். அவர் சிரிக்கவில்லை.

"பரவாயில்ல அக்கா" என்றாள். கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பரவாயில்லை இருக்கிறதே, வீட்டுக்கு வரும்வரை என்னை அரித்துத் தின்றது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

விமான நிலையத்திலிருந்து

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் வந்தது. நஸ்ரின். பின்னால் பெரிய இரைச்சல், ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு.

"அக்கா, உள்ளுக்கு வந்துட்டோம். ஒங்களுக்கு ஒரு விஷயம் சொல்லோணும்ன்டு."

"சொல்லும்மா."

"வாப்பா வேன்ல என்ட பக்கத்துலதான் இருந்த. வழி முழுக்க ஒரு பேச்சும் இல்ல. எறங்கின பொறகு, எல்லாரும் சாமான் எறக்குற நேரம், என்ட தலயில கைய வெச்சு ஓதி ஊதினாரு." அவளுக்குக் குரல் உடைந்தது. "கல்யாணத்தன்னக்கி மறைப்புக்குப் பின்னால நின்டு ஊதினதா சொன்னாரு. நான் தண்ணி குடிக்கிற நேரமாம். 'அப்ப துணியில பட்டது என்ட கைன்டு ஒனக்கு வெளங்கினா மகள்?'ன்டு கேட்டாரு அக்கா. மகள்ன்டு சொன்னாரு."

அடுப்பை அணைத்தேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"'வெளங்கின வாப்பா, அதுதான் சாஞ்சேன்'ன்டு சொன்னேன்."

"உண்மையாவே தெரிஞ்சுச்சா நஸ்ரின்?"

"இல்ல அக்கா. எந்தப் புள்ளயோ வெளயாடுதுன்டு நெனச்சேன்." அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு சின்னப்பிள்ளை போல, பயந்து கேட்டாள். "வாப்பாக்கிட்ட இப்பிடிப் பொய் சொன்னா, அல்லாஹ் மன்னிப்பான்தானே?"

அவளுடைய மார்க்கத்தில் அதற்கு என்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது. நெற்றியில் திருநீறோடு அடுப்படியில் நிற்கிற என்னிடம் கேட்கிற கேள்வியா அது?

"மன்னிப்பாரு" என்று அடித்துச் சொன்னேன். "கட்டாயம் மன்னிப்பாரும்மா. நீ பயப்படாமப் போயிட்டு வா."